பில் போட்டவர்களே பந்தலும் போட்டார்கள்

ஜூன் 21 உலக இசை நாள். யாரும் எங்கும் பாடலாம், வாசிக்கலாம், கேட்கிறவர் காலணா கொடுக்க வேண்டாம். இந்தத் தர்ம சிந்தனை பிறந்த நாடு பிரான்ஸ். பாட்டுக்கு முதன்முதலில் ஒழுங்காகப் பில் போடக் கற்றுக்கொடுத்த புண்ணியமும் அதே நாட்டைத்தான் சேரும்.

1847-இல் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் நண்பர்களோடு பாரிஸில் ஒரு கஃபேக்குப் போனார். சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்தார். (காசு கொடுத்துச் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு எதற்கும் ஆச்சரியம் வராது.) அங்கே மேடையில் ஓடிக்கொண்டிருந்தது இவர்களுடைய சரக்கு. பில் வந்ததும் பூர்ஜே கையை விரித்துவிட்டார். என் பாட்டை நீ சும்மா பாடுகிறாய், உன் தண்ணீரை நான் சும்மா குடித்தேன், கணக்கு நேராகிவிட்டது என்பது அவர் கட்சி. வழக்கு கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு பாட்டுக்காரர் பக்கம் சாய்ந்தது. 1851-இல் 'சசெம்' என்ற ராயல்டி வசூல் சங்கம் பிறந்தது. அன்று நீட்டிய கையை அது இன்னும் மடக்கவில்லை.

தெருவில் பாடிப் பிழைத்தவன் கதை வேறு. அவனுக்கு யாரும் ராயல்டி தரவில்லை. போலீஸில் அனுமதியும் அடையாள வில்லையும் வாங்கினால்தான் அன்று அவன் வாயையே திறக்க முடிந்தது.

இப்படிப்பட்ட அரசாங்கத்துக்குத்தான் 1981-இல் திடீரென்று தாராள மனசு வந்தது. மே மாதம் மித்தெரான் ஜனாதிபதியானார். ஜாக் லாங் கலாசார அமைச்சரானார். அக்டோபரில் இசைத் துறைக்கு மொரிஸ் ஃப்ளூரே வந்தார். இவர் இசை விமரிசகர். பத்திரிகையில் கச்சேரிகளைக் குதறிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, நீயே நடத்திக் காட்டு என்று நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நம் ஊர் விமரிசகர்கள் இதை ஒரு மிரட்டலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவரோ பயப்படவில்லை. இசை எங்கும் இருக்க வேண்டும், கச்சேரி எங்குமே இருக்கக் கூடாது என்று கொள்கை வகுத்தார். எந்த சபா செயலாளராவது காலைக் காப்பியோடு இதைப் படித்திருந்தால் காப்பி இறங்கியிருக்காது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கணக்கெடுப்பு வந்தது. நாட்டில் ஐம்பது லட்சம் பேருக்கு ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரியுமாம், பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒருவர் வாசிக்கிறாராம். எல்லாம் வீட்டுக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது. வேறு அரசாங்கமாக இருந்தால் அப்படியே கிடக்கட்டும் என்று நிம்மதியாகக் கதவைச் சாத்தியிருக்கும். இவர்கள் திறந்துவிட்டார்கள். வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் துபவியோனும் கூட்டுச் சேர, சில வாரங்களில் திட்டம் தயார். கோடையின் நீண்ட பகல் வரும் ஜூன் 21-ஐக் குறித்தார்கள். வெளியே வந்து அரை மணி நேரம் வாசியுங்கள், அது போதும் என்றார்கள். ஐம்பது லட்சம் பேர் ஒன்றாக வாசித்தால் எப்படியிருக்கும் என்று யாரோ யோசித்துப் பார்த்துத்தான் அரை மணியோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அரசாங்க வரலாறு சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 1982 ஜூன் 12 அன்று பிராங்கின் மதிப்பைக் குறைத்தார்கள். அதோடு விலையும் சம்பளமும் ஏறக் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள். ஒன்பதே நாளில் இசை விழா. கஜானாவைத் தொடாமல் ஜனங்களுக்குக் கொடுக்க அவர்கள் கையில் அப்போது ஓசை ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அன்று சாயங்காலத்துக்கு ஒரு முன்கச்சேரியும் உண்டு. ஸ்பெயினில் உலகக் கோப்பைக் கால்பந்து, வயதோலித் மைதானத்தில் பிரான்சும் குவைத்தும். பிரான்ஸ் 3-1 என்று முன்னிலை. பிரெஞ்சு வீரர் ஜிரெஸ் பந்தோடு முன்னேறும்போது ஒரு விசில் கேட்டது. நடுவர் ஊதியதாக நினைத்து குவைத்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜிரெஸ் நிற்கவில்லை, கோல் அடித்தார். பிறகுதான் தெரிந்தது, விசில் வந்தது பார்வையாளர் பக்கத்திலிருந்து. மேலே உட்கார்ந்திருந்த குவைத் இளவரசர் ஃபஹத் இறங்கி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். பஞ்சாயத்து நடந்தது. சோவியத் நடுவர் ஸ்துபார் கொடுத்த கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிரெஞ்சுப் பயிற்சியாளர் இதால்கோ கொதித்துப்போய் உள்ளே பாய, போலீஸ் பிடித்து நிறுத்தியது. கடைசியில் இன்னொரு கோல் அடித்து பிரான்ஸ் 4-1 என்று ஜெயித்தது வேறு விஷயம். ஓசி இசை நாளின் முதல் வாசிப்பு அந்த விசில்தான் என்பேன். வாசித்தவர் பெயர் தெரியாது, சன்மானம் கிடையாது, விளைவோ பெரும் ரகளை. இவ்வளவு கச்சிதமாக ஒரு விழாவை எந்த அமைச்சராலும் தொடங்கிவைக்க முடியாது.

பாரிஸில் ஜாக் லாங் அதற்குள் நடுங்கிப்போயிருந்தார். கூப்பிட்டாயிற்று, ஒருவரும் வராவிட்டால் மானம் போகுமே என்ற பயம். பயந்ததைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஜனங்கள் வந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்த வயலினை மறந்தவரும் மறக்காமல் அண்டை வீட்டை வதைத்துக்கொண்டிருந்தவரும் ஒரே தெருவுக்கு வந்தார்கள். அரை மணிக் கணக்கை அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

விழா ஜெயித்ததும் அப்பன் யார் என்ற தகராறு வந்தது. அமெரிக்க இசைக் கலைஞர் ஜோயல் கோஹன் 1976-லேயே பிரெஞ்சு வானொலியில் இருந்தபோது ஜூன் 21-க்கும் டிசம்பர் 21-க்கும் இசைத் திருவிழா யோசனை சொன்னவர். அமைச்சர் லாங், அதிகாரி ஃப்ளூரே. மூவரில் யாருக்கு மாலை என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஃப்ளூரே 1990-இல் காலமானார், ஆகவே அவர் மட்டும் வாதாடுவதில்லை. என் ஓட்டு அவருக்கு. அமைச்சர்களுக்குக் கைதட்டல் எப்படியும் கிடைத்துவிடும்.

1985 ஐரோப்பிய இசை ஆண்டானது, விழா எல்லை தாண்டியது. 1997-இல் புடாபெஸ்டில் கூடி, இஷ்டப்படி பாடுவதற்கு ஒரு சாசனமே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1998-இல் பிரெஞ்சுத் தபால் துறை இதற்குத் தபால்தலை வெளியிட்டது. இலவச இசையின் பெருமையைச் சொல்லும் அந்தத் தலையை மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகளில் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சு வாசம் போகாத நம் புதுச்சேரியிலும் உண்டு. 2015 முதல் அதே தேதி சர்வதேச யோகா நாளாகவும் ஆகிவிட்டதால், நம்மவர்களுக்குக் காலையில் மூச்சை அடக்கிவிட்டுச் சாயங்காலம் புல்லாங்குழலில் விடும் வசதி இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு புல்புல்தாரா இருக்கும். ஜூன் 21 அன்று அதை இறக்கித் தூசி தட்டித் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். சுருதி சேராவிட்டாலும் பாதகமில்லை, யாரும் டிக்கெட் வாங்கவில்லை. சண்டைக்கு வருகிறவர் கையில் ஒரு ஜால்ராவைக் கொடுத்துவிடுங்கள்.