முழங்கையும் மூன்று ஊசியும்

டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. ஆனாலும் எலும்பு மருத்துவர் என் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, நான் போட்ட சத்தத்தைக் கேட்டுத் திருப்தியடைந்து, "டென்னிஸ் எல்போ" என்றார்.

"என்ன வேலை செய்வீங்க?"

"உட்கார்ந்த வேலைதான் சார். வீட்ல தண்ணி கேன் தூக்கிக் கவுத்துவேன்."

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண் அந்த எலும்பு முனையில்தான் போய் ஒட்டுகிறதாம். திரும்பத் திரும்பப் பாரம் கொடுத்தால் அதன் இழைகள் நைந்துபோகும். இந்த வலி வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவர்கள்தான். பெயின்டர், தச்சர், துணி பிழிகிறவர் என்று கையை முறுக்கிப் பிழைக்கிற யாருக்கும் வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே போய்விடும், பட்டை போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும், ஆனால் வருடக் கடைசியில் பார்த்தால் போடாதவர்களே தேவலை என்றும் சொன்னார். நல்ல மனிதர். மூன்று நிமிடத்தில் இவ்வளவும் சொல்லி முடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வரும்போது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். 2004-ல் சச்சினைப் பாடாய்ப் படுத்தி, மறுவருடம் லண்டன் வரை போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வைத்த அதே வலி. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். எதிர்வீட்டு மாமா மட்டும், "அவர் செஞ்சுரி அடிச்சு வாங்கினார், நீர் கேன் தூக்கி வாங்கினீர்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஒரு வருடம் பொறுத்திருக்கச் சொன்னால் நம் வீடுகளில் யார் கேட்பார்கள்? நொச்சி ஒத்தடம் ஆயிற்று. வாரம் தவறாமல் முடக்கத்தான் தோசை ஆயிற்று. ஊரிலிருந்து வந்த பெரியம்மா விளக்கெண்ணெய் தடவி ஓர் உருவு உருவியதில், அதுவரை வலிக்காத தோள்பட்டையும் சேர்ந்து வலித்தது. அந்தச் சமயம் பார்த்து மச்சான் வந்தார். "மாமா, அக்குபங்சர் போங்க. சைனாவுல மயக்க மருந்தே இல்லாம ஊசியைக் குத்தி ஆபரேஷன் பண்றான்."

இந்தக் கதை உலகம் சுற்றியதில் ஒரு பத்திரிகைக்காரரின் குடல்வாலுக்கும் பங்குண்டு. 1971-ல் பீக்கிங் போன நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்கே குடல்வால் அறுவை நடந்தது. அறுத்தபோது வழக்கமான மரத்துப்போகும் ஊசிதான் போட்டார்கள். பிறகு வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோதுதான் அக்குபங்சர் ஊசி வந்தது. அவர் ஒழுங்காகத்தான் எழுதினார். வாய்மாறி வாய்மாறி, ஊசி குத்தியே வயிற்றைக் கிழித்தார்கள் என்று ஆகிவிட்டது. நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர், 1938-ல் டாக்டர் கோட்னிஸுடன் சீனா போன இந்திய மருத்துவக் குழுவிலிருந்த டாக்டர் பி.கே. பாசு. இதையெல்லாம் மச்சானிடம் விளக்கினேன். "அப்ப போறீங்கல்ல?" என்றார்.

நம் பக்கத்தில் இதில் இரண்டு சாதி உண்டு. ஊசி குத்துகிறவர், தொட்டுவிட்டு விடுகிறவர். செலவு குறைவென்று வீட்டம்மா முதலில் தொடுகிறவரிடம் அழைத்துப்போனாள். அவர் இரண்டு கை நாடியையும் பிடித்தார், கண்ணை மூடினார், கணுக்காலில் ஓரிடத்தை விரலால் தொட்டார். "முடிஞ்சுது, போகலாம்."

"சார், முழங்கை..."

"கழிவு வெளியேறும். பசிச்சா மட்டும் சாப்பிடுங்க."

கூடவே வீட்டம்மாவைப் பார்த்து, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றாரே பார்க்கணும்! அவளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்து ஊசிக்காரர். இவர் முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். "வலி கையில சார்" என்றேன். "தெரியும், நீட்டுங்க." தூக்கம் எப்படி, வயிறு எப்படி, கோபம் வருமா என்று கேட்டுக்கொண்டே போனார். இத்தனை கேள்வி எனக்குப் பெண் பார்த்தபோதுகூட யாரும் கேட்டதில்லை. பிறகு சீல் வைத்த பாக்கெட்டை என் கண்முன்னே கிழித்தார். மயிரிழைதான் இருக்கும் ஊசி. ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் அதை நிறுத்தி, தலையில் விரலால் ஒரு தட்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஒன்று, முழங்கையை மடக்கினால் விழும் கோட்டின் முனையில் ஒன்று, வலிக்கிற இடத்திலேயே ஒன்று. குத்தியது வலிக்கவில்லை. அவர் ஊசியைத் திருகியபோதுதான் உள்ளே கனமாக ஏதோ இழுத்தது. "வந்துட்டுதா?" என்றார். எது என்று தெரியாமலே "வந்துட்டுது" என்றேன்.

அரை மணி நேரம் அசையக்கூடாது. அப்போதுதான் அந்தக் கொசு வந்தது. அறையில் எத்தனையோ இடமிருக்க, இரண்டு ஊசிகளுக்கு நடுவே பார்த்து உட்கார்ந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. ஆனால் அடித்தால் ஊசியையும் சேர்த்தல்லவா அடிக்க வேண்டும்? ஊதினேன், போகவில்லை. "சார், கொசு!" என்று கத்தினேன். திரைக்கு அந்தப்பக்கமிருந்து பதில் வந்தது: "பரவால்ல சார், அதுக்குத் தனியா பீஸ் இல்ல."

ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு பொய் ஊசி உண்டு. நாடகக் கத்திபோல, குத்தினால் முனை பிடிக்குள் போய்விடும், தோலைத் துளைக்காது. வலிக்காக வந்தவர்களில் பாதிப்பேருக்கு மெய் ஊசியும் மீதிப்பேருக்குப் பொய் ஊசியும் வைத்துப் பார்த்த பல சோதனைகளில், பொய் ஊசிக்காரர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இதைப் படித்தபோது எனக்கு வருத்தமொன்றும் வரவில்லை. ஊசி எடுத்த அன்று ராத்திரி வலியில்லாமல் தூங்கினேன் என்பது உண்மை. மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது என்பதும் உண்மை. ஊசிக்காரரிடம் தொடர்ந்து போனேன். அரை கிலோ டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சியையும் விடவில்லை. பத்து ரூபாய் கூடக் கொடுத்து, கேனைத் தண்ணீர்க்காரப் பையனே கவிழ்த்துவைக்க ஏற்பாடு செய்தேன். வலி எப்போது போயிற்றென்றே தெரியாமல் போய்விட்டது.

இப்போது பெரியம்மா தன் விளக்கெண்ணெய் என்கிறார், மச்சான் ஊசி என்கிறார், வீட்டம்மா முடக்கத்தான் என்கிறாள். என்னைக் கேட்டால், முக்கால்வாசி அந்தப் பத்து ரூபாய்தான். மீதியைப் பயிற்சிக்கும் காலத்துக்கும் கொடுப்பேன். ஊசிக்காரருக்கு? என் முழங்கையைப் பற்றி அரை மணி நேரம் அலுக்காமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்கு அவர் வாங்கிய பீஸ் தகும்.

உங்களுக்கும் போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள். ஊசிப் பாக்கெட்டை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுகர் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால், கொடுத்த பீஸைத் திருப்பிக் கேட்டு நேரத்தை வீணாக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். போகும்போது ஓடோமாஸ் தடவிக்கொண்டு போங்கள்.