உண்டு உறைவிடப் பயிலரங்கில் வாளியின் இடம்: சங்கரன்கோவிலை முன்வைத்து

உண்டு உறைவிடப் பயிலரங்கு என்பது, முப்பது பேருக்கு மேற்படாத ஆய்வாளர்கள் ஓர் ஊரில் கூடி, சில நாள் உண்டு, உறைந்து, எஞ்சிய நேரத்தில் பயில்வது. பெயரிலுள்ள சொல்வரிசையே முக்கியத்துவத்தின் வரிசையும் ஆகும். இதைப் 'பட்டறை' என்றும் வழங்குவர். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் அச்சொல்லைத் தவிர்ப்பது நலம். ரயில் நிலைய வாசலில் "பட்டறைக்குப் போகணும்" என்பவரை ஆட்டோக்காரர் வெல்டிங் பட்டறையில் இறக்கிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சொற்பிறப்பியல் அறிஞர் தேவநேயப் பாவாணர் 1902இல் பிறந்த ஊர் இது. சொல்லை முதற்பொருளில் கொள்ளும் உரிமை இவ்வூராருக்குக் கூடுதலாகவே உண்டு.

பழைய சான்றுகள் ஏற்பாடுகள் விஷயத்தில் மிகுந்த அடக்கம் காட்டுகின்றன. முதற்சங்கத்தில் 549 பேர் இருந்ததாகவும், 4440 ஆண்டு தமிழாய்ந்ததாகவும், அவர்களைப் புரந்த பாண்டியர் 89 பேர் என்றும் இறையனார் அகப்பொருள் உரை கணக்குத் தருகிறது. தங்குமிடம் பற்றி ஒரு சொல் கிடையாது. நிதி தந்தவர் பெயரை மட்டும் விடாமல் குறிக்கும் மரபு அங்கேயே தொடங்கிவிட்டது. இன்றைய ஃபிளெக்ஸ் பேனர் அதன் வளர்ச்சி. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டிச் சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள கழுகுமலையில் இன்னும் நெருங்கிய சான்று உண்டு. அங்குள்ள சமணச் சிற்பங்களின் கீழ் வட்டெழுத்தில், சிலையைச் செய்வித்த குரவர், குரத்தியர், மாணாக்கர் பெயர்கள் அவரவர் ஊர்ப்பெயரோடு வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டு தாண்டிய பங்கேற்பாளர் பட்டியல் என்று இதைக் கொள்ளலாம். பெயரும் ஊரும் சரியாக எழுதப்பட்டிருப்பது ஒன்றே, இக்காலப் பட்டியல்களிலிருந்து அதை வேறுபடுத்துகிறது.

ஏற்பாடுகளில் முதலாவது நாள் குறித்தல். ஒதுக்கிய பணத்தை மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்பதால், அறிவுத் தேட்டம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உச்சம் பெறுகிறது. கரிசல் காட்டு வெயிலும் அப்போதுதான் ஏறத் தொடங்கும். ஆடி மாதத்தைத் தவிர்க்க வேண்டிய காரணம் வேறு. ஆடித்தபசுக்கு ஊரே நிரம்பிவிடும்; லாட்ஜில் அறை கேட்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவ்விழாவின் கதையும் இத்துறைக்கு அந்நியமானதில்லை. சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று விவாதித்து முடிவு காணாமல் அம்மனிடம் வந்தனர். கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்ற பிறகே சங்கரநாராயணக் காட்சி கிடைத்து விவாதம் முடிந்தது. ஒருங்கிணைப்பாளர் என்னும் பதவியின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் கூறும் தலபுராணம் அரிது.

அடுத்தது பயணம். சங்கரன்கோவில், விருதுநகர்–செங்கோட்டை ரயில் பாதையில் உள்ளது. சென்னையிலிருந்து வருவோர் பெரும்பாலும் இரவில் புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் இறங்குவர். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் தொடங்குகிறது. அழைப்புக் கடிதம் பத்து நாள் முன்னதாக வருவது மரபு. இடையிலுள்ள ஐம்பது நாளில் கீழ்ப்படுக்கைகள் அனைத்தும் கல்யாண வீட்டாருக்குப் போய்விடும். எனவே முந்தைய நாள் காலை 11 மணிக்குத் திறக்கும் ஸ்லீப்பர் வகுப்புத் தத்காலே ஆய்வாளரின் வாயில். அதற்கான கூடுதல் கட்டணம் 'அனுமதிக்கப்பட்ட செலவில்' சேருமா என்ற கேள்வி, பல பயிலரங்குகளில் மையப்பொருளைவிடக் கூர்மையாக விவாதிக்கப்படுவதுண்டு.

பொதிகையில் வந்த அனைவரும் ஒரே நேரத்தில் விடுதிக்குள் நுழைவதால், இவ்வியலின் மையச் சிக்கல் எழுகிறது. முப்பது பேர், நான்கு குளியலறை, ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று கொண்டால் 96 நிமிடத்தில் எல்லாரும் குளித்து முடிக்க வேண்டும். அப்படி முடிவதில்லை. கட்டடத்தை எண்ணியவர் வாளியை எண்ணாததே பிழை. வாளி மூன்றே இருந்தால் நான்காவது குளியலறை வெறும் கதவுதான். காலம் 120 நிமிடமாகிறது. இரண்டு வாளியில் மட்டும் கப்பு கிடந்தால் அது 180 நிமிடம். ஆகவே குளியலறை, வாளி, கப்பு ஆகிய மூன்றில் எது குறைவோ அதுவே மெய்யான குளியலறை எண்ணிக்கை. கப்பு இல்லாத வாளியைக் கவிழ்த்துக் குளிக்கலாமே என்ற மாற்றுக் கருத்து, வாளி மீண்டும் நிறைய ஆகும் நேரத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

வரிசையின் ஒழுங்கு எழுதப்படாத சட்டம். துறைத்தலைவர் வந்தால் "சார், நீங்க மொதல்ல போயிட்டு வாங்க" என்று முனைவர் பட்ட மாணவர் விலகுவார்; அடுத்த வாய்மொழித் தேர்வு வரை அந்த விலகல் நினைவில் இருக்கும் என்பது நம்பிக்கை. தெருக்குழாயடியில் ஆளுக்குப் பதில் குடம் நிற்பதுபோல, இங்கே சோப்பு டப்பா நிற்கும்; டப்பாவுக்கு உரியவர் டீக்கடையில் இருப்பார். துண்டு மறந்தவர் மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை. விசைத்தறி ஊர் என்பதால் நல்ல துண்டு இங்கு எளிதில் கிடைக்கும். சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தும் சரிகைப் பொன்னாடைக்குப் பதில் இவ்வூர்த் துண்டையே போர்த்தினால் அவர் மறுநாளே அதைப் பயன்படுத்துவார். மரபு இடம் தருவதில்லை.

உணவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெண்பொங்கல் போட்டால் முதல் அமர்வில் வினா எழாது. கட்டுரையாளர்கள் இதை விரும்புவர். மதியம் சைவச் சாப்பாடு. இரண்டாம் நாள் மதியம் பந்தியில் இலைகள் பாதியாகக் குறைந்தால் ஒருங்கிணைப்பாளர் பதற வேண்டாம். சங்கரன்கோவில் மட்டன் பிரியாணிக்குப் பேர்போன ஊர். பிற்பகல் அமர்வுக்கு அவர்கள் வந்துவிடுவர், விழித்திருப்பர் என்பதற்கு மட்டும் உறுதியில்லை.

அமர்வுகள் நிகழ்ச்சி நிரலில் உள்ளபடி.

கடைசி நாளின் களப்பயணத்துக்குக் கழுகுமலை வெட்டுவான் கோயிலே பொருத்தம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் ஒற்றைப் பாறையில் மேலிருந்து கீழாகக் குடையத் தொடங்கி, முடிக்காமல் விட்ட பணி அது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் அதன் முன் சற்று அதிக நேரம் நிற்பதைக் காணலாம்.

திரும்பி வந்ததும் பயணப்படி. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பற்றுச்சீட்டுக்குத்தான் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். 640 ரூபாய்க்கும் ஒட்டியே தீர வேண்டும் என்பது கணக்குப் பிரிவின் உரைமரபு. மூலமும் உரையும் முரணும் இடத்தில் உரையே வெல்லும். ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்திட்டு, பயணச்சீட்டை இணைத்த பிறகே சான்றிதழ் கைக்கு வரும். பணிநிமித்த விடுப்புக்கு அதன் நகல் போதுமாகையால், மூலத்தில் பெயர் பிழையாக இருந்தாலும் பலர் திருத்தக் கேட்பதில்லை.

அறையைக் காலி செய்யும்போது, கோயிலில் வாங்கிய புற்றுமண் பொட்டலத்தை ஈரத்துண்டோடு சேர்த்துப் பையில் வைக்கக் கூடாது. விடுதிக் காப்பாளர் சாவிகளையும் வாளிகளையும் எண்ணி வாங்குவார். சாவிகள் சரியாக இருக்கும். வாளிகளும் சரியாக இருக்கும். கப்பு ஒன்று குறையும்.