மூலமற்றத்து அலை

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில், மின் அலையைத் திரையில் வரையும் ஆசிலோஸ்கோப் செய்ய உட்காருபவருக்கு முதல் அடி உடனே விழும்: அந்தப் பலகைக்கு அனலாக் உள்ளீடே கிடையாது. அனலாக் அளவை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப் தனியாக வாங்கவேண்டும். பலகையின் உள்ளீட்டுப் பின்னில் 3.3 வோல்ட்டைத் தாண்டிவிட்டால் பலகையே புதிதாக வாங்கவேண்டியிருக்கும். சிக்கனத்துக்காகத் தொடங்கிய வேலை!

டெல்லி ஐயுஏசி ஆய்வு மையத்தின் ஃபீனிக்ஸ் திட்டத்தில் பிறந்த எக்ஸ்பைஸ்-17 அளவீட்டுப் பெட்டியைப் பையின் யுஎஸ்பியில் செருகினால் இந்தத் தொல்லை இல்லை; அதன் இரண்டு உள்ளீடுகள் 16 வோல்ட் வரை அளக்கும்.

அளக்க என்ன இருக்கிறது? உள்ளீட்டில் ஒரு வெறும் வயரைச் செருகி நுனியை விரலால் தொட்டால் போதும், வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் அலை திரையில் நெளியும். 780 மெகாவாட் மூலமற்றம் நீர்மின் நிலையம் இருக்கும் கேரளத்தின் இடுக்கியில் அது உள்ளூர்ச் சரக்கு. அங்கே கரண்ட் போகும்போது அலை படுப்பதைப் பார்க்கலாமே என்றால், பேட்டரி இல்லாத பையும் அதோடு சேர்ந்தே படுத்துவிடும்.