ஆச்சி கம்மல் கட்டின வரி

ஏலே பேராண்டி, பரீட்சைக்குப் படிக்கியா, மோட்டைப் பாத்து முழிக்கியா? என்னது, 'நாட்டுல எல்லாருக்கும் வைத்தியம், பணத்துக்கு எங்க போறது'ன்னு கேள்வியா? இதுக்கா ராத்திரி பூரா லைட்டு எரியுது? இங்கன வந்து உக்காரு. தாத்தா சொல்லுதேன், எழுதிக்க.

மொதல்ல, ஊரே கூடிக் குடிக்கணும். 2024-25ல டாஸ்மாக்குல இருந்து அரசாங்கத்துக்கு வந்தது 48,344 கோடி ரூவா. அடுத்த வருச பட்ஜெட்டுல மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கினது 21,906 கோடி. கழிச்சுப் பாரு. இன்னும் எத்தனை பேருக்கு ஈரல் வெந்தாலும் கட்டுபடியாகும். மேலத்தெரு சித்தப்பனை நீங்க ஆளாளுக்கு வைதீக. அவன் நாட்டுக்காகல்லா சாக்கடையில கெடக்கான்!

பொறவு பீடி. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரியத் தூக்கிட்டாக. சந்தோசம். அதே கூட்டத்துல பீடி வரிய 28ல இருந்து 18க்கு எறக்கவும் முடிவு பண்ணினாக. வலது கையில இன்சூரன்சு, எடது கையில பீடி. எம்புட்டு அறிவு பாத்தியா? பீடி சுத்துத பொம்பளைகளுக்குக் கூலி ஏறுச்சான்னு மட்டும் கேட்டுராத.

சரி, இளிக்காத. பணம் இல்லன்னு எவம்ல சொன்னான்? பணம் போய்க்கிட்டுத்தான இருக்கு? உங்க ஆச்சிக்குப் பித்தப்பையில கல்லுன்னு டவுனுக்குத் தூக்கிட்டு ஓடினோமே, அன்னைக்கு அடகுக்கடைக்குப் போன கம்மல் இன்னும் திரும்பல. அதுவும் வரிதாம்ல. ரசீது குடுத்தவன் சேட்டு, அம்புட்டுதான் வித்தியாசம். 2013-14ல நாட்டுல வைத்தியத்துக்கு 100 ரூவா செலவுன்னா, அதுல 64 ரூவா ஜனங்க மடியில இருந்து போச்சு. 2021-22ல அது 39க்கு எறங்கிருச்சுன்னு அரசாங்கக் கணக்கு சொல்லுது. நல்லதுதான். ஆனா அந்த 39ஐயும் எப்ப வாங்குதாங்க? ஆளு படுத்துக் கெடக்கையில. தெம்பா நிக்கையில கேட்டா அஞ்சு, பத்து தந்துட்டுப் போவான். படுத்த அன்னைக்குக் கேட்டா கம்மலக் கழத்தித்தான் தருவான்.

முன்கூட்டி வாங்கவும் செய்தாக, இல்லன்னு சொல்லல. வருமான வரி மேல 4 சதவீதம், 'சுகாதாரம், கல்வி செஸ்'ன்னு பேரு வச்சு 2018ல இருந்து பிடிக்காக. ஆனா செஸ் பணத்துல மாநிலத்துக்குப் பங்கு கெடையாது. அரசு ஆசுபத்திரி நடத்துதது பெரும்பாலும் மாநிலம். மொய் எழுதுதது ஒரு வீட்டுல, பந்தி போடுதது இன்னொரு வீட்டுல! 2025க்குள்ள அரசாங்கத்தோட வைத்தியச் செலவ ஜிடிபியில 2.5 சதவீதமாக்குவோம்னு 2017ல கொள்கை எழுதினாக. 2021-22ல நின்னது 1.84.

'அஞ்சு லட்ச ரூவா காப்பீட்டு அட்டை இருக்கே'ம்ப. இருக்கு. கட்டில்ல சேத்தாத்தான் அது வாயத் தொறக்கும். மாசாமாசம் முழுங்குத மாத்திரைக்கு அது ஊமை. மாத்திரைக்குச் சூட்சுமம் நம்மகிட்டயே இருக்குல்லா? 1994ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ண உண்டாக்கி, மொத்தமா டெண்டர் விட்டு வாங்கி அரசு ஆசுபத்திரிக்கு அனுப்புதாக. தனியாப் போயி ஒரு கிலோ புளி வாங்குதவனும், ஊருக்கே வண்டி கட்டிப் போயி வாங்குதவனும் ஒரே வெலையா குடுப்பாக?

அதனால இப்பிடி எழுது: சாராயக் காசுலயும் புகையிலைக் காசுலயும் பாதிய எடுத்து, மொதல்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல போடு, வசதியானவங்கிட்ட கூடுதலா வாங்கு, செஸ்ஸ மாநிலத்தோட பங்கு போடு. மார்க்கு வராது. தாத்தா சொன்னதுன்னு போட்டா கண்டிப்பா வராது.

அப்பிடியே சைக்கிள எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல என் பிரஷர் மாத்திரைய வாங்கிட்டு வா. சும்மாத்தான் குடுப்பாக. மாத்திரைக்குன்னு உங்கப்பன் தந்த நூறு ரூவாய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ.