கத்திரிக் கலாரசிகர்

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் சென்னையில் அக்னி நட்சத்திரம் தொடங்கும். அதே முகூர்த்தத்தில் கலாரசிகர் ஒருவரும் கிளம்பிவிடுவார். மார்கழி சபா ரசிகரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் கேன்டீனுக்காகக் கச்சேரி கேட்பவர். இவர் ஏ.சி.க்காக ஓவியம் பார்ப்பவர்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. அதற்குள் தண்ணீர் பாட்டில், கர்சீப், பேப்பரில் வெட்டியெடுத்த மின்தடை அறிவிப்பு. தன் பேட்டையில் காலை 9 மணி முதல் 2 மணி வரை கரண்ட் இருக்காது என்றால், 10 மணிக்கெல்லாம் ஏதாவதொரு ஓவியக் கண்காட்சியின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். ஏ.சி. எந்தப் பக்கம் என்று தெரியவேண்டுமல்லவா? அதற்கு நேர் கீழே எந்தப் படம் தொங்குகிறதோ, அதுதான் அன்றைய தலைசிறந்த படைப்பு. அதன் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நிற்பார். வரைந்தவர் தூரத்திலிருந்து பார்த்து நெகிழ்ந்துபோவார், பாவம்.

நகரத்தின் கலைச் செல்வங்கள் அனைத்தையும் இவர் வெப்பநிலைப்படி வகைப்படுத்தி வைத்திருக்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது மனப்பாடம். அங்கே ஹென்றி இர்வின் வடிவமைத்த மாளிகையை, அது தரையில் விழுத்தும் நிழலுக்காக மெச்சுவார். வெண்கலச் சிலைகளில் திருவாலங்காட்டு நடராஜர்மேல் தனி மரியாதை. "கையில நெருப்பு. போதாக்குறைக்கு ஆட்டம் வேற. முகத்துல ஒரு சொட்டு வேர்வை பாத்தீங்களா?" கலை வரலாற்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் ஏறக்குறைய இதைத்தானே!

மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையை, கடற்காற்று இறங்கிய பிறகு, சாயங்காலம்தான் பார்ப்பார். பாறையை நெம்பும் அந்த நால்வரைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிமீது அவருக்கு ஒரே ஒரு வருத்தம்: "மரத்தடியா பாத்து வெச்சிருக்கலாம்." கண்ணகி நகர்ச் சுவரோவியங்களுக்கு டிசம்பர் மாதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில் மரங்களுக்கு முழு மதிப்பெண். திறந்தவெளிச் சிற்பங்களுக்கு, தொட்டால் சுடுவதால், பாதி.

அந்தச் சோழமண்டலத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரிடம்தான் இவர் முதன்முதலாக ஏ.சி.யை மறந்தார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் பணிக்கர் வரைந்த படம் ஒன்று. கட்டம் கட்டமாகக் கோடுகள், மலையாளம்போல் தோன்றி வாசிக்க முடியாமல் நழுவும் எழுத்துகள், ஓரத்தில் என்னென்னவோ குறிகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினார். கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது யாரு ஜாதகம்?"

"ஜாதகம் இல்ல சார். அப்ஸ்ட்ராக்ட்."

"லக்னம் எங்கேன்னு தெரியல. எட்டுல யாரோ உக்காந்திருக்கான். இந்தப் பையனுக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிடு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் பணிக்கர் ஜாதகக் கட்டங்களிலிருந்தும் ஏட்டெழுத்துகளிலிருந்தும்தான் அந்த வடிவங்களை எடுத்தார். திறப்பு விழாவன்று படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த இடம்வரை வந்திருப்பார்கள்?

போன கத்திரியில் ஒரு நாள், கண்காட்சி மும்முரமாக நடக்கும்போது பட்டென்று கரண்ட் போனது. ஐந்தாவது நிமிடம் பட்டுப்புடவைகளும் கதர் ஜிப்பாக்களும் கார்களுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டன. இவர் மட்டும் நகரவில்லை. இடது கையில் செல்போன் டார்ச்சைப் பிடித்து ஒரு நீர்வண்ண ஓவியத்தின் மூலையை ஆராய்ந்தபடி, காவலாளியின் போனை வாங்கிப் பழைய ஆபீசில் தனக்குக் கீழே வேலை பார்த்தவரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நான்தான். ஃபீடர் ட்ரிப்பா, ஃப்யூஸா? லைன்மேனை உடனே அனுப்பு. எனக்கு ஒண்ணுமில்லய்யா, நான் பழகினவன். இங்க படத்துக்கெல்லாம் வேர்க்குது!"