சாவல் கழுத்தும் கசவு நூலும்

எங்கள் தெருவில் கழுத்து நிறைய இறகோடு திரியும் சாவல் ஒன்றுகூட இப்போது இல்லை. நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் பெட்டைகள் நின்ற இடத்திலேயே கிளறிக்கொண்டு நிற்கும். சாவல்கள் மதில் ஏறிவிடும். அக்கம்பக்கத்தார் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை. "சாருக்கு வீட்டுல ஏதோ கைவேலையாமே?" என்று என் மனைவியிடம் இழுத்துக் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த 'யாமே'க்கு அன்று ராத்திரி எனக்குத் தனி விசாரணை நடக்கும்.

கைவேலை என்பது ஃப்ளை கட்டுவது. தூண்டில் முள்ளின்மேல் இறகும் நூலும் ரோமமும் சுற்றி, இது பூச்சி, இது இறால், இது குஞ்சுமீன் என்று தண்ணீருக்குள் கிடக்கிறதை நம்பவைக்கிற வேலை. மண்புழுவைக் கோர்த்துப் போட்டால் மீன் கிடைக்கும் என்பது செங்கலில் டிரவுசர் போடாத பையனுக்கும் தெரியும். அதனாலேயே அதைச் செய்வதில்லை என்று நாங்கள் சிலபேர் முடிவெடுத்தோம்.

வெளியூர்க்காரர்களுக்குச் செங்கல் என்றால் மகேஸ்வரம் கோயிலின் 111 அடிச் சிவலிங்கம். எங்களுக்கு அது நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எந்தப் பக்கம் என்று முழுசாகத் தீராத ஓர் இடம். 1956-இல் மாநிலம் பிரித்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. ஆகவே ரேஷன் அட்டை மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில், பெண்கட்டு மார்த்தாண்டத்தில். நெய்யாற்றுத் தண்ணீர் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2004-இல் அது நின்றது. இரண்டு அரசுகளும் அதை வழக்காடட்டும். எங்கள் ஃப்ளை மட்டும் களியக்காவிளை தாண்டித் தடையில்லாமல் போய்வருகிறது.

அது போய்வருகிற முறைக்கு 'மாற்று' என்று பெயர். பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் ஒரே மாதிரியில் பன்னிரண்டு ஃப்ளை கட்டித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். அவர் கலைத்துப் பங்கிட்டு, ஆளுக்குப் பன்னிரண்டு தினுசாகத் திருப்பித் தருவார். கூடவே ஒரு துண்டுச்சீட்டில் என்ன முள், என்ன நூல், என்ன இறகு என்று எழுதியிருக்க வேண்டும். உலகம் முழுக்க ஃப்ளை கட்டுகிறவர்கள் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் என்பதால் இதில் மதிப்பெண்ணும் சேர்ந்துவிட்டது. வந்ததையெல்லாம் உதியன்குளங்கரை டீக்கடையில் ஒரு தெர்மோகோல் அட்டையில் தரவாரியாகக் குத்திவைப்பார். கடைசி வரிசை பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். என் இடம் பெரும்பாலும் எண்ணெய் வாடையிலேயே கழிந்திருக்கிறது.

மற்ற உறுப்பினர்களில் ஒரு தையற்காரர், ஒரு கூட்டுறவு வங்கிக் காசாளர், பூவாறு ஸ்டாண்டில் ஓடுகிற ஆட்டோக்காரத் தம்பி, ஒரு கோழிக்கடைக்காரர், மார்த்தாண்டத்திலிருந்து என் சகலை. கோழிக்கடைக்காரரைச் சேர்த்தபோது எங்களுக்கு இனி இறகுப் பஞ்சம் இல்லை என்று நினைத்தோம். அவர் சாக்கு நிறைய கொண்டுவந்தார், ஒன்றும் உதவவில்லை. பிராய்லர் ஆறு வாரத்தில் கறியாகிவிடுகிறது; அதற்குள் கழுத்தில் நல்ல இறகு முளைக்க நேரமேது? ஃப்ளைக்கு வேண்டியது வயசான சாவலின் கழுத்து இறகு. ஒடுக்கமாக, பளபளப்பாக, ஓரத்து இழைகள் விறைத்து நிற்க வேண்டும். முள்ளைச் சுற்றி அதை நெருக்கமாக நாலு சுற்று சுற்றினால் இழைகள் எல்லாத் திசையிலும் விரிந்து, தண்ணீரின் தோலில் கால் ஊன்றி ஃப்ளையை மிதக்கவைக்கும். பெட்டையின் இறகு மெத்தென்று நனைந்து முழுகிவிடும். என் மனைவி இந்த விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு, "விறைச்சு நிக்கியது பூரா ஆம்பளைக்குத்தான், வேலைக்கு நனையுறது நாங்க" என்றாள்.

சாவல் கழுத்தில் கைவைத்த முதல் ஆள் நானில்லை என்பதற்கு என்னிடம் சரித்திர ஆதாரம் இருக்கிறது. ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முன் ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியாவில் ஆற்றோரத்து ஜனங்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சாவலின் தாடைக்குக் கீழே வளரும் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "அந்தச் சாவலு அவனுக்கதா, அடுத்தவனுக்கதா?" என்று கேட்டார். ஏலியன் அந்த விவரத்தைக் குறிப்பிடவில்லை.

அமெரிக்காவில் இறகுக்காகவே சாவல் வளர்க்கிறார்கள். 2011-இல் பெண்கள் அந்த நீள இறகைத் தலைமுடியில் சேர்த்துக்கட்டும் மோகம் கிளம்பி, சலூன்காரர்கள் அள்ளிக்கொண்டு போக, தூண்டில்காரர்கள் விலையைக் கேட்டு அலறினார்கள். என் மகள் காதில் இந்தச் செய்தி விழாமல் பார்த்துக்கொண்டேன். அவளுடைய நெயில்பாலிஷ் ஏற்கெனவே என் மேசையில்தான் இருக்கிறது. ஃப்ளையின் தலையில் நூல் முடிச்சை இறுக்கிப் பூசி மூட அதைவிட நல்ல வார்னிஷ் கிடையாது.

நம் மலையிலேயே இந்த உலகத்தின் பொக்கிஷம் ஒன்று உண்டு. காட்டுக்கோழிச் சாவலின் கழுத்திறகில், நுனியில் மெழுகு ஊற்றிக் காயவைத்ததுபோல வெளிர்மஞ்சள் பொட்டுகள் இருக்கும். மேல்நாட்டு சால்மன் ஃப்ளைக்குக் கண் வைப்பது அந்த இறகால். அதற்காக இங்கிருந்து தோல் தோலாகக் கப்பலேறிற்று. 1902-இலேயே பிரிட்டிஷ் சர்க்கார் இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது; 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதன்மேல் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டும். நீலகிரியில் ஹெச்.சி. வில்சன் என்பவர் வானவில் டிரவுட் மீனைப் பெருக்கிய காலத்தில், மூணாறு மலையில் தோட்டத் துரைமார் டிரவுட் விட்டுத் தூண்டில் போட்ட காலத்தில், இறகு காலடியில் கிடந்தது. எங்களுக்குக் காலடியில் கிடப்பது பிராய்லர்.

இந்த இறகுப் பித்து எதுவரை போகும் என்று காட்ட, எட்வின் ரிஸ்ட் கதையை வீட்டில் ஒருநாள் சொன்னேன். லண்டனில் புல்லாங்குழல் படிக்க வந்த அமெரிக்கப் பையன். 2009-இல் டிரிங் என்ற ஊர் அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போய், ஃப்ளை கட்டுகிறவர்களுக்கு விற்க 299 பறவைத் தோலைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டான். அவனோடு ஒப்பிட்டால் நான் எவ்வளவு அடக்கமான மனிதன் என்பது என் வாதம்.

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருந்துதா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அதான் வெளியில போயித் திருடியிருக்கான்."

அவள் கசவை, அதாவது ஜரிகையைச் சொல்கிறாள். அதையும் விளக்கிவிடுகிறேன். ஃப்ளையின் உடம்பில் மினுங்கலாக ஒரு வரி ஓட வேண்டும். குஞ்சுமீனின் விலாப் பளபளப்பு அதுதான். மேல்நாட்டில் இதற்கென்று விற்கிற சரட்டில், நடுவே நூல், அதைச் சுற்றித் தட்டையான உலோக இழை. நல்ல கசவின் செய்முறையும் அதேதான்: பட்டு இழை, மேலே தட்டிய வெள்ளி, அதன்மேல் பொன்முலாம். நெய்யாற்றின்கரையிலிருந்து பாலராமபுரம் எட்டுகிற தூரம். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் உம்மிணித்தம்பி தளவாய் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். தறிக்காரர் ஒருவரிடம் வெட்டுத்துண்டு வாங்கித்தான் ஆரம்பித்தேன். அது இக்காலத்துக் கசவு. ஆறு கடலோடு சேருகிற பொழித் தண்ணீரில் முங்கி எழுந்ததும் கறுத்துப்போயிற்று. அசல் பழைய கசவு வேண்டும். எங்கள் வீட்டில் அசல் பழைய கசவு என்றால் கல்யாண முண்டு ஒன்றுதான். அதன் ஓரத்தில் தானாகவே ஓர் இழை பிரிந்து நின்றது. நான் இழுக்கவில்லை, அது வந்தது.

கட்டுகிற மேசையைப் பார்த்தால் உங்களுக்கும் இரக்கம் பிறக்கும். முள்ளைப் பிடிக்கச் சின்ன இரும்பு வைஸ். தையல்நூலில் மெழுகுதிரி தேய்த்து, முள்ளின் காதருகே தொடங்கி வளைவுவரை நெருக்கி ஓட்டணும். வாலுக்கு நாலு ரோமம் வைத்து, இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவதை இறுக்கி. முதல் சுற்றையே இறுக்கினால் ரோமம் முள்ளைச் சுற்றி ஓடிவிடும். இந்த இடத்தில்தான் வழக்கமாக மின்விசிறியைப் போட்டுக்கொண்டு மாமியார் வருவார். "மருமவனே, தூசி பறக்குது, ஜன்னலத் தொறக்கட்டா?"

பூவாற்றில் நெய்யாறு கடலோடு சேருகிற பொழியில் கண்டல் வேர்களுக்கு இடையே செம்பல்லியும் கொடுவாவும் கிடக்கும். எதைப் போட்டாலும் வேரில் மாட்டும். இதற்கு மருந்து பென்சில்வேனியாவில் பாப் கிளவுசர் என்பவர் 1987-இல் கண்டுபிடித்தது: முள்ளின் முதுகில் கனமான உருண்டைக் கண் இரண்டைக் கட்டினால் ஃப்ளை தலைகீழாகப் புரளும், கூர்முனை மேலே பார்த்துக்கொண்டு வேருக்கு மேல் தாண்டி வரும். அவர் மான்வால் ரோமம் கட்டினார். நமக்கு மானைத் தொட முடியாது. கசாப்புக்கடையில் ஆட்டுவால் கேட்டேன். "வாலு மட்டும் போதுமா சாறே? வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கடைக்காரர் தாழ்ந்த குரலில் விசாரித்து, ஈரலும் கொஞ்சம் பொதிந்து தந்தார். கண்ணுக்கு மணிச் சங்கிலி வேண்டும். வாஷ்பேசின் அடைப்பானில் இருந்தது. இப்போது அடைப்பான் சங்கிலி இல்லாமல் இருக்கிறது.

வீசுவது தனிப் பாடம். ஃப்ளைக்குச் சொல்லிக்கொள்கிற எடை கிடையாது, கயிறுதான் எடை. தடித்த கயிறைப் பின்னால் வீசி, அது முழுசாக நீள்கிறவரை பொறுத்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். பின்னால் கயிறு நீள இடம் வேண்டும் என்பதுதான் சிக்கல். எங்கள் வளவில் பின்னால் இருப்பது மரச்சீனிக் காடும் துணிக்கொடியும். என் ஃப்ளையில் இதுவரை மாட்டிய பெரிய உருப்படி ஒரு நைட்டி. எடைபோட்டுப் பார்க்க விடவில்லை.

மீனா? கோழிக்கடைக்காரர் கட்டுகிற ஃப்ளை பார்க்கச் சகிக்காது. அடுப்படிக் கரித்துணியை முள்ளில் சுற்றிய மாதிரி ஒரு உருண்டை. பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் எனக்குத் துணை அவர்தான். மாற்றில் என் பங்குக்கு வந்ததை ஊர்க் குளத்தில் போட்டேன். ஆம்பல் இலை ஓரத்தில் அதைத் துள்ளி இழுத்ததும் ஒரு வரால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கவ்விற்று. வராலுக்கு வேண்டியது தவளை. அந்த உருண்டை அதற்குத் தவளையாகத் தெரிந்திருக்கிறது. ஹெட்மாஸ்டரின் நகைவேலை ஃப்ளையை அதே குளத்தில் அந்தி வரை இழுத்தேன், தட்டான் ஒன்று வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. டீக்கடையில் இதைச் சொன்னபோது ஹெட்மாஸ்டர், "மீனுக்கு மார்க் போடத் தெரியாது" என்று வழக்கை முடித்துவிட்டார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். உண்மையில் மாற்றில் கிடைத்ததை யாருமே தண்ணீரில் போடுவதில்லை, பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பொழியூரிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காவிடம் ஒருநாள் என் சிறந்த இறால் ஃப்ளையைக் காட்டினேன். கூடையை இறக்கிவைத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "எறாலு வெரண்டா பின்னாலதான் போவும் மக்களே. நீ மீசையக் காதுப்பக்கம் கெட்டியிருக்க" என்றாள். அயிலைக்குப் பளபளக்கிற நார் கட்டின முள்ளை வரிசையாக விடுகிற குடும்பம் அது. அவள் சொன்னபடி திருப்பிக் கட்டினேன். தெர்மோகோல் அட்டையில் இரண்டு வரிசை மேலே ஏறினேன். மனைவி அன்று அரைக் கிலோ சாளை கூடுதலாக வாங்கினாள். என் ஃப்ளைக்கு அது ஆலோசனைக் கட்டணமாம்.

இந்த ஓணத்துக்கு ஹெட்மாஸ்டர் கொடுத்திருக்கிற தலைப்பு கரிமீன். 2010-இல் கேரளம் அதைத் தன் மாநில மீனாக அறிவித்ததிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை. கரிமீன் பெரும்பாலும் பாசி கொறிக்கிற சாதி. ஆக, பூச்சியும் வேண்டாம் குஞ்சுமீனும் வேண்டாம். தண்ணீரில் ஆடுகிற பாசித் துணுக்கைக் கட்ட வேண்டும். கம்பளி நனைந்து கட்டிபடுகிறது, நைலான் பச்சை கண்ணைக் குத்துகிறது. மெல்லிய பட்டு, கொஞ்சம் மங்கின பச்சையாக இருந்தால் பிரமாதம் என்று சாப்பிடும்போது வாய்விட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அலமாரியில் அவளுடைய நிச்சயதார்த்தப் பச்சைப் பட்டு இருந்த இடம் காலி. கேட்டதற்கு, "அது ஸ்டேட்டை விட்டுப் போயாச்சு. மார்த்தாண்டத்துல அக்கா பீரோவுல பத்திரமா இருக்கு" என்றாள்.

நேற்று மாற்றுக்கான உறைகள் வந்து சேர்ந்தன. சகலையின் உறையில் பன்னிரண்டு பாசி, அருமையான வேலை. மங்கின பச்சையில் பட்டிழை, நடுவே ஒரு ஜரிகை மினுக்கம். துண்டுச்சீட்டில் முள் எண், நூல் விவரம் எல்லாம் ஒழுங்காக எழுதி, பட்டு என்ற இடத்தில் மட்டும் 'உள்ளூரில் கிடைத்தது' என்று போட்டிருக்கிறார். ஹெட்மாஸ்டர் அதை முதல் வரிசையில் குத்திவிட்டார்.