பவானித் தண்ணீரோடு கடலுக்குப் போதல்: ஓர் ஆய்வு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தையெல்லாம் இறங்கிப்போய், கடலோரத்தில் ஒரு காட்டேஜ் எடுத்து, "நாலு நாள் சும்மா இருந்துட்டு வரலாமுங்க" என்று கிளம்புகிற குடும்பங்களைப் பற்றியது இவ்வாய்வு. இத்துறையில் முந்தைய ஆய்வு எதுவும் இல்லை. இவ்வூரைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் ஏறுவதைப் பற்றியே எழுதினார்கள். மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் ஊட்டியையும் எட்டியது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 2005-இல் யுனெஸ்கோ பட்டம் என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. இறங்குகிறவனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஊட்டி பக்கத்திலேயே இருக்க, கடல் எதற்கு என்பது முதல் கேள்வி. வெளியூர்க்காரர் கேட்பது அது. உருளைக்கிழங்கு மண்டி வைத்திருப்பவருக்கு நீலகிரி என்பது சரக்கு வருகிற திசை, அவ்வளவுதான். விடுமுறைக்கு யாராவது குடோனுக்குப் போவார்களா?

பவானி ஊருக்குள்ளேயே ஓடுகிறதே என்பது அடுத்த கேள்வி. ஓடுகிறது, ஆனால் மேலே பில்லூர் அணை இருக்கிறது. அங்கே தண்ணீர் திறந்தால் இங்கே ஆறு சட்டென்று ஏறிவிடும். ஆகவே இவ்வூர்க் குழந்தைகள் ஆற்றங்கரையில் வளர்ந்தும் "தண்ணிக்குள்ள எறங்காத கண்ணு" என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டு வளர்கிறார்கள். ஊட்டி சாலையில் பிளாக் தண்டர் நீர்ப் பூங்காவில் அலைக்குளமே இருக்கிறதே என்றும் கேட்கலாம். வீட்டுப் பாட்டி, அதாவது அமத்தா, அதில் கால் நனைக்க மாட்டார். செயற்கை அலையில் புண்ணியம் இல்லை என்பது அவர் கட்சி. ஆகவே முருகனும் கடலும் ஒரே இடத்தில் கிடைக்கிற திருச்செந்தூர் முடிவாகிறது.

ஓய்வின் நீளத்தைக் குடும்பத் தலைவர் தீர்மானிப்பதாக ஓர் எண்ணம் உண்டு. தரவுகள் அதை ஆதரிக்கவில்லை. திருச்செந்தூருக்குப் போக இவர்கள் ஏறும் தூத்துக்குடி–மேட்டுப்பாளையம் ரயில் 2024 ஜூலையில் வாரம் இருமுறை என்று தொடங்கியபோது, இங்கிருந்து வெள்ளியும் ஞாயிறும் இரவில் கிளம்பியது. அங்கிருந்து வியாழனும் சனியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி இரவு ஏறினால் சனி விடியுமுன் தூத்துக்குடி. அன்றிரவே திரும்ப வேண்டும். ஞாயிறு ஏறினால் திங்களிலிருந்து வியாழன் வரை. ஆக, ஓய்வு ஒரு பகலாக இருக்கலாம், அல்லது நாலு பகலாக. இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் ஓய்வு என்பனவற்றை ரயில்வே அறியாது. வெள்ளி போய் அடுத்த வியாழன் வரை ஆறு நாள் இருக்கலாமே என்பவர் மண்டித் தொழில் தெரியாதவர்.

இனி ஆய்வின் மையப் பொருளுக்கு வருவோம். கடலுக்குப் போகும் குடும்பம் இருபது லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுபோகிறது. மூடியைச் சுற்றிப் பாலித்தீன் கவர், அதன்மேல் சணல் கயிறு, அதன்மேல் "மேல எதையும் வெச்சறாதீங்க" என்ற அறிவிப்பு. கூடவே குக்கர், அரிசியும் பருப்பும் அளந்து கலந்த துணிப்பை, ஒரு கட்டு வாழையிலை. பவானி தானே கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து கடலை நோக்கித்தான் போகிறது. ஆனால் வழியில் அணைக்கட்டும் வாய்க்காலும் வயலும் கேட்பதையெல்லாம் கொடுத்துவிட்டுப் பூம்புகாரில் என்ன மிஞ்சும்? கேனில் போவது சொட்டுக் குறையாமல் போய்ச் சேருகிறது.

இதைக் கொங்குப் பெருமை என்று தள்ளிவிட இருந்தோம். "ஏனுங்க, அந்தூர்த் தண்ணியில பருப்பு வேகுமுங்களா?" என்று அம்மா கேட்ட கேள்வி தடுத்தது. கேள்வி முழுக்க அறிவியல்பூர்வமானது. உப்பு மிகுந்த கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் பெக்டினோடு பிணைந்து அதை மசிய விடுவதில்லை. அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பு விதைவிதையாக நின்றால் அது சோறே அல்ல என்பது இப்பகுதியின் எழுதாத சட்டம். ரசாயனம் படித்த மகன் இதைச் சொல்லவில்லை. பத்தாவதோடு நின்ற தாய் சொன்னார்.

ஆனால் தூத்துக்குடியில் இறங்கித் திருச்செந்தூர் பஸ்ஸில் போகும்போது முக்காணியில் ஒரு பாலம் வரும். அடியில் ஓடுவது தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, புன்னக்காயலில் கடலைச் சேரப்போகிற ஆறு. அதன் மேல் ஒரு கேன் பவானித் தண்ணீர் கடந்துபோகிறது. திருநெல்வேலிக்காரர் யாரேனும் அந்த பஸ்ஸில் இருந்து கேனின் வரலாறும் தெரியவந்தால் என்ன நடக்கும் என்பதைச் சோதிக்க நெறிமுறைக் குழு அனுமதிக்கவில்லை.

காட்டேஜில் யார் யார் ஓய்வெடுத்தார்கள்? அப்பா கணுக்கால் அலையில் நின்றபடி ஃபோனில், "கெழங்கு என்ன வெலைக்குப் போச்சு?" என்றார். அலை லுங்கியை நனைத்தது. அவர் கேட்டதைவிட விலை குறைவு போலிருக்கிறது, கடலைப் பார்த்தே முகம் சுளித்தார். அமத்தா நாழிக்கிணற்றில் குளித்து, கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்பில்லாத ஊற்றா என்று வியந்து, ஆனாலும் நம்மூர்த் தண்ணி ஆகாது என்று தீர்ப்பும் சொன்னார். பிள்ளைகள் மட்டும் முழுநேரம் கடலில் கிடந்தார்கள். அம்மா சமையலறையில். அதன் ஜன்னல் வழியே தெரிந்தது சின்டெக்ஸ் தொட்டி. இது ஒரு காட்டேஜின் குறையல்ல. நாம் கேட்டறிந்தவரை கடலோரக் காட்டேஜ்களில் கட்டில் கடலைப் பார்த்திருக்கும், அடுப்பு சுவரைப் பார்த்திருக்கும்.

மூன்றாம் நாள் கேன் தீர்ந்தது. அம்மா குழாய்த் தண்ணீரிலேயே குக்கரை ஏற்றினார். பருப்பு குழைய வெந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமத்தா மறுசோறு வாங்கிக்கொண்டு, "நம்மூர்த் தண்ணிங்கறது இதுதான்" என்றார். அம்மா அந்த முடிவை வெளியிடவில்லை. அடுத்த முறையும் கேன் போகும்.

காட்டேஜ் கட்டுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்ததைக் கட்டும்போது சமையலறை ஜன்னலைக் கடல் பக்கம் வையுங்கள். வாடகை நூறு ரூபாய் கூடினாலும் கொடுப்போம், பேரம் பேசிவிட்டு.